அர்ஜுனன் லாம்புங் வரமாட்டான்

போஜோநகோரோ,
1983 பிப்ரவரி 9

அன்புத் தங்கை மூர்த்தினிக்கு,

ஆண்டவன் புண்ணியத்தில் நான் சுகம். அங்கே நீ, உன் மகன் ஹர்யோ, மருமகள், பிள்ளைகள் எல்லோரும் சுகம்தானே? உன் முழங்கால் எப்படி இருக்கிறது? கிராம்பெண்ணெய் தேய்க்கிறாயா, இல்லை வழக்கம்போலத் தேய்த்தேன் என்று பொய் சொல்கிறாயா?

நம் நாடகக் கொட்டகை இந்த மாதம் போஜோநகோரோவில். மழை விட்டபாடில்லை, கூரை ஒழுகுகிறது. ஆனாலும் கூட்டத்துக்குக் குறைவில்லை. சனிக்கிழமை அர்ஜுனன் தபசு போட்டோம். தேவ கன்னிகள் வந்து ஆடி மயக்கும் இடத்தில் நான் கல்லாக உட்கார்ந்திருந்தேன் பார், முன் பெஞ்சில் ஒரு கிழவி, "இவதான்டி அர்ஜுனன்!" என்று கத்தியே விட்டாள். அந்தக் காலம்போல மேடையில் சிகரெட் பெட்டி மழையாகப் பொழியவில்லை. ஒன்று விழுந்தது. உள்ளே இரண்டே சிகரெட். அதனால் என்ன, மரியாதை மரியாதைதானே.

கெதிரியில் நாம் இருவரும் குதிரை வண்டியில் போனால் தெரு அடைத்துக்கொள்ளும், ஞாபகம் இருக்கிறதா? அந்த ஜவுளிக்கடைக்காரர் மனைவி, நான் பொம்பளை என்று தெரிந்தும், நாம் அந்த ஊரை விடும் வரைக்கும் எனக்குப் பலாக்காய்க் கறி சமைத்து அனுப்பினாள். அவள் புருஷன் பெரிய முதலாளியிடம் வந்து, "ஐயா, உங்க அர்ஜுனனைக் கொஞ்சம் மோசமா நடிக்கச் சொல்லுங்க, வீட்டுல எனக்குச் சோறு இல்ல" என்று அழுதான். நம் மேடையில் அர்ஜுனன் வேஷத்தைப் பெண்தான் கட்ட வேண்டும் என்று வைத்த மகராசன் யாரோ, அவன் வாய்க்குச் சர்க்கரை போட வேண்டும். ஆம்பளை கட்டினால் அது மாடு மேய்க்கிற அர்ஜுனன்.

கொட்டகையை இப்போது நடத்தும் பெரிய முதலாளி மகன் சஸ்த்ரோ, வினார்சி என்று ஒரு பெண்ணைச் சேர்த்திருக்கிறான். காலும் கழுத்தும் நீளம், அறிவு மட்டும் இன்னும் வளர வேண்டும். என் இடுப்பில் இருக்கும் அர்ஜுனன் கச்சையையே பார்த்துக்கொண்டு நிற்கிறாள். எனக்கு முன்னால் அர்ஜுனன் வேஷம் கட்டிய கார்சினா அம்மா தன் இடுப்பிலிருந்து அவிழ்த்து எனக்குக் கட்டியதுபோல, நானாக அவிழ்த்து என் கையால் அவளுக்குக் கட்டினால்தான் அந்தக் கச்சை அவளுக்கு. அதுவரை பார்க்கட்டும். பார்ப்பது கண்ணுக்கு நல்லது.

எழுத்து கோணலாக இருந்தால் விளக்கு சரியில்லை என்று வைத்துக்கொள். பிள்ளைகளுக்கு என் முத்தம்.

மேடையில் உன் புருஷன், வீட்டில் உன் அக்கா,
தர்வாத்தி


மெத்ரோ, லாம்புங்,
1983 மார்ச் 14

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் மூன்று வாரம் ஊர் சுற்றிவிட்டு வந்து சேர்ந்தது. இங்கே அனைவரும் நலம். முழங்காலுக்கு எண்ணெய் தேய்க்கிறேன். (நேற்றுத் தேய்த்தேன். முந்தாநாளைப் பற்றிக் கேட்காதே.)

உன் எழுத்து கோணல் இல்லை, ஒரு வரிமேல் இன்னொரு வரி ஏறி உட்கார்ந்திருக்கிறது. கண்ணைக் காட்டினாயா? அறுபதைத் தாண்டியாயிற்று, இன்னும் ஒழுகுகிற கொட்டகையில் ஈரப் பாயில் படுக்கிறாய். ஹர்யோ பின்பக்கம் ஒரு அறை கட்டியிருக்கிறான். ஓடு போட்டது. காப்பித் தோட்டத்தைப் பார்த்த வாசல். "பெரியம்மா எப்ப வர்றாங்க?" என்று ஒவ்வொரு மாதமும் கேட்கிறான். நான் என்ன பதில் சொல்ல?

நானும்தான் மேடையில் இருந்தேன். கல்யாணமானதும் விட்டுவிட்டு வரவில்லையா? உன் சுபத்திரை இப்போது பெசெல் கடையில், வேகவைத்த கீரைமேல் ஊற்ற நிலக்கடலைச் சட்னி அரைக்கிறாள், ஒரு குறையும் இல்லை. போன வாரம் ஒரு லாரிக்காரர், "அம்மா, உங்க குரலு ரேடியோவுல வர்ற மாதிரி இருக்கே" என்றார். அவர் தட்டில் பொரித்த சோயா டெம்பே இரண்டு கூடப் போட்டேன். அவ்வளவுதான். அதற்குமேல் அதை நினைப்பதில்லை.

வா அக்கா. வயசான காலத்தில் இரண்டு பேரும் ஒரு அடுப்பில் சண்டை போட்டுக்கொண்டு இருக்கலாம்.

இப்போது சுபத்திரை வேஷம் யார் கட்டுகிறாள்? சும்மா கேட்டேன்.

உன் தங்கை,
மூர்த்தினி


போஜோநகோரோ,
1983 ஏப்ரல் 6

மரியாதைக்குரிய மூர்த்தினி அக்காவுக்கு,

சஸ்த்ரோ வணங்கி எழுதுவது. நீங்களும் குடும்பத்தாரும் நலமாக இருக்கப் பிரார்த்திக்கிறேன். இங்கே எல்லோரும் உயிரோடு இருக்கிறோம், அதற்குமேல் சொன்னால் பொய்.

மூத்தவர்களைப் பற்றி முதுகுக்குப் பின்னால் எழுதுவது பாவம். என்னை மன்னியுங்கள். தர்வாத்தி அக்காவுக்குக் கண் தெரியவில்லை. விளக்கு எந்தப் பக்கம் என்று தெரியும், ஆட்கள் நிழலாகத் தெரிவார்கள், அவ்வளவே. ரொம்ப நாள் மறைத்துவிட்டார். மேடையில் சாக்கில் என்ற அரக்கனோடு சண்டை வந்தபோதுதான் குட்டு உடைந்தது. அர்ஜுனன் அசையாமல் நிற்க, அரக்கன் துள்ளித் துள்ளி வந்து, கடைசியில் தன் கத்தியாலேயே குத்துப்பட்டுச் சாக வேண்டும் இல்லையா? அக்கா குத்தினார், தூணை. அரக்கன் வேஷம் கட்டிய நம் பார்ஜோ நல்ல பையன். ஓடிப்போய்த் தூணுக்கும் கத்திக்கும் நடுவில் நுழைந்து செத்தான்.

டாக்டரிடம் தூக்கிக்கொண்டு போகாத குறையாகக் கூட்டிப்போனேன். நரம்பு போய்விட்டது, இனி அறுத்தும் பயனில்லை என்று சொல்லிவிட்டார். வெளியே வந்ததும் அக்கா, "அந்தாளு சின்ன வயசுல நம்ம கொட்டகைக்கு டிக்கெட் கிடைக்காம திரும்பினவன் போல, பழி வாங்குறான்" என்றார்.

கூட்டம் நாலு பெஞ்சுக்கு மேல் இல்லை. வினார்சி நன்றாக ஆடுகிறாள், அவள் வந்தால் இளவட்டங்கள் வருவார்கள். ஆனால் கச்சையை நான் பிடுங்கித் தர முடியாது. தந்தாலும் அவள் வாங்கமாட்டாள். முந்தின ஆள் கையால் கட்டாத கச்சையோடு மேடை ஏறினால் குரல் போய்விடும் என்ற பயம் நம் எல்லோருக்குமே உண்டு, எனக்கும்தான்.

நீங்கள் சொன்னால் கேட்பார். நான் எழுதியதைச் சொல்ல வேண்டாம்.

பணிவுடன்,
சஸ்த்ரோ


மெத்ரோ,
1983 மே 2

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். உன் நலத்தைத்தான் இரவும் பகலும் நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

போன வாரம் ஒரு கனவு கண்டேன். நீ மேடையில் நிற்கிறாய், எதிரில் நாலே நாலு பெஞ்சு. நீ யாரையோ தேடுகிறாய், கை காற்றில் அலைகிறது. விழித்தபோது என் தலையணை நனைந்திருந்தது. சகுனம் நன்றாக இல்லை, அக்கா.

சுபத்திரை அர்ஜுனனிடம் பேசுவதுபோலவே பேசுகிறேன், தங்கச்சி சொன்னால்தான் உனக்கு ஏறாதே. சுவாமி, வில் எடுக்க அபிமன்யு வளர்ந்துவிட்டான். மகன் கையில் ஆயுதத்தைக் கொடுத்துவிட்டு ஒதுங்கினால் வீரன் குறைந்து போவானா? அந்தப் பெண்ணுக்குக் கச்சையைக் கட்டிவிடு. நீயாகக் கொடுத்தால் அது தானம். நாளைக்குத் தானாக நழுவி விழுந்தால் அதற்கு வேறு பேர்.

கண்ணைப் பற்றி நீ ஒன்றும் எழுதவில்லை. நானும் ஒன்றும் கேட்கவில்லை. இங்கே வந்துவிடு. காப்பி பூத்திருக்கிறது, பார்க்காவிட்டாலும் வாசனை வரும்.

உன் மூர்த்தினி


போஜோநகோரோ,
1983 ஜூன் 3

மூர்த்தினிக்கு,

சுகம்.

உன் கனவில் பெஞ்சு எத்தனை என்று எண்ணிப் பார்க்கும் அளவுக்கு வெளிச்சம் இருந்ததா? எங்களுக்குக்கூட இங்கே அவ்வளவு வெளிச்சம் இல்லை. உன் கனவில் சஸ்த்ரோவின் கையெழுத்து தெரிகிறது. அதற்கு எனக்குக் கண் வேண்டாம்.

"பார்க்காவிட்டாலும் வாசனை வரும்" என்று எழுதியிருக்கிறாய். நல்லா இரு.

நீ விட்டுவிட்டு வந்தாய் என்கிறாய். நீ விடவில்லை, ஒரு பள்ளிக்கூட வாத்தியார் உன்னைக் கல்யாணம் கட்டிக் கப்பல் ஏற்றினார். விடுவது வேறு, போவது வேறு. எனக்கு வாத்தியாரும் இல்லை, பிள்ளையும் இல்லை, வேறு பேரும் இல்லை. ஊரில் யாரும் என்னைத் தர்வாத்தி என்று கூப்பிட்டதில்லை. உன் கடிதத்தை வாசித்து இதையும் எழுதித் தருகிற பெட்டிக்கடைக்காரன்கூட, "என்ன அர்ஜுனா, காப்பியா?" என்றுதான் கேட்பான். கச்சையைக் கொடுத்துவிட்டு மறுநாள் காலையில் யாராக எழுந்திருப்பது? அதையும் எழுதியிருக்கலாம்.

அர்ஜுனன் காட்டுக்குப் போனான், தபசுக்குப் போனான், தீவு தீவாகப் பெண்ணெடுக்கக்கூடப் போனான். லாம்புங் போனதாக எந்தக் கதையிலும் இல்லை.

நோன்பு மாதத்துக்குக் கொட்டகையை மூடுகிறோம். பெருநாளுக்குச் செப்புவில் திறப்பு.

தர்வாத்தி


செப்பு,
1983 ஆகஸ்ட் 21

அன்புத் தங்கச்சிக்கு,

பெருநாள் வாழ்த்து. என்னால் மனசு நொந்திருந்தால் மன்னித்துவிடு, உன்னால் நொந்ததை நானும் மன்னித்துவிட்டேன். இரண்டு மாதமாக உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை. அவ்வளவு கோபமா? உன் முழங்கால் தேவலையா?

எழுத்து அழகாக இருக்கிறதே என்று பார்க்காதே. சொல்வது நான், எழுதுவது வினார்சி. இந்தப் பெண்ணுக்கு எழுத்தாவது நேராக வருகிறது. (இதை எழுதமாட்டேன் என்கிறாள். எழுதடி என்று அதட்டி எழுத வைத்தேன்.)

விஷயத்துக்கு வருகிறேன். மூர்த்தினி, கொட்டகை நிறைகிறது! நான் சொன்னால் நம்பமாட்டாய், அதனால் இந்தப் பெண்ணைச் சாட்சிக்கு வைத்துக்கொள். பெருநாள் முடிந்து கூட்டம் வடியும் என்று பார்த்தால் ஏறிக்கொண்டே போகிறது. எண்ணெய்க் கிணற்று வேலையாட்கள் குடும்பத்தோடு வருகிறார்கள். தேக்குக் கூப்பிலிருந்து லாரி கட்டிக்கொண்டு வருகிறார்கள். ஒரே நாடகத்தை ஒரு வாரம் விடாமல் போடுகிறோம். அந்தச் சாக்கில் அரக்கன் சண்டையை மட்டும் திரும்பப் போடச் சொல்லிக் கத்துகிறார்கள். அர்ஜுனனின் வேலைக்காரன் பெத்ருக் வேஷம் கட்டும் நம் கோமாளி கியாட்னோ முன்னைவிட நன்றாகத் தமாஷ் பண்ணுகிறான். நான் மேடையில் நிற்கும்போது பின்னாலேயே வந்து என்னென்னவோ பேசுகிறான். சனங்கள் உருண்டு உருண்டு சிரிக்கிறார்கள். சிகரெட் பெட்டி காலில் தட்டுப்படுகிறது, பொறுக்கி மாளவில்லை.

சஸ்த்ரோ இப்போது கச்சையைப் பற்றி வாயே திறப்பதில்லை. ராத்திரி எனக்கு முட்டை அவித்துத் தருகிறான்.

இப்போது சொல், எந்தக் கனவில் எத்தனை பெஞ்சு?

உன் அர்ஜுனன்


மெத்ரோ,
1983 செப்டம்பர் 19

சஸ்த்ரோ தம்பிக்கு,

நலம் விசாரிக்கத்தான் வேண்டும். நலமா? அக்காவின் கடிதத்தைப் படித்து நான் அழுதேன், சந்தோஷத்தில். கொஞ்சம் பொறாமையும் உண்டு, எதற்கு மறைக்க வேண்டும். பக்கத்துக் கடைக்காரிக்கெல்லாம் வாசித்துக் காட்டினேன்.

அந்தச் சந்தோஷம் நாலு நாள்கூட நிற்கவில்லை. பெருநாளுக்கு ஊர் போன சுமாக்கிர் என்கிற ரப்பர்த் தோட்டக் கங்காணி திரும்பி வந்து என் கடையில் பெசெல் சாப்பிட உட்கார்ந்தான். கூட வந்தவனிடம் பேச்சு. நான் கடலை அரைத்துக்கொண்டிருந்தேன்.

"செப்புல ஒரு கொட்டகை, போய்ப் பாத்தியா? வயிறு வலிக்கச் சிரிச்சேன்டா. ஒரு குருட்டுக் கிழவி, அர்ஜுனன் வேஷம்!"

"கிழவியா? அர்ஜுனனா?"

"ஆமாங்கறேன். அரக்கன் இந்தப் பக்கம் நிக்கறான், அது அந்தப் பக்கம் திரும்பி வசனம் பேசுது. கோமாளி தோளைப் புடிச்சுத் திருப்பி, 'எசமான், எதிரி இங்க இருக்கான், அங்க இருக்கறது கக்கூஸ் கதவு'ங்கறான். கொட்டகையே இடிஞ்சு விழுது! கிழவி மட்டும் சிரிக்கவே இல்ல. ராஜா மாதிரி நிக்குது. அதுதான்டா தமாஷே."

"யாரோ நல்லா நடிக்கத் தெரிஞ்ச கோமாளிப் பொம்பளை போல."

"அம்மா, இன்னும் கொஞ்சம் சட்னி ஊத்துங்க... என்னம்மா, உடம்பு சரியில்லையா?"

மிளகாய் கண்ணில் பட்டுவிட்டது என்று சொன்னேன்.

தம்பி, உன் அப்பா எங்கள் இருவரையும் மகள்கள்போல வைத்திருந்தவர். கியாட்னோவை யார் அப்படிப் பேசச் சொன்னது? அவனாகப் பேசுகிறானா, நீ சொல்லிக் கொடுத்தாயா? இதை நிறுத்து. கொட்டகையைப் பூட்டு, பிச்சை எடு, எது வேண்டுமானாலும் செய். என் அக்காவைக் கோமாளி ஆக்காதே.

மூர்த்தினி


செப்பு,
1983 அக்டோபர் 11

மரியாதைக்குரிய மூர்த்தினி அக்காவுக்கு,

உங்கள் நலத்துக்குப் பிரார்த்திக்கிறேன். நீங்கள் திட்டியது அத்தனையும் எனக்குத் தகும்.

முதல் நாள் கியாட்னோ அப்படிச் சொன்னது அக்காவைக் காப்பாற்றத்தான், சத்தியம். தப்பான பக்கம் திரும்பி நின்றார், சனங்கள் கூச்சல் போட ஆரம்பித்தார்கள். அவன் வாய்க்கு வந்ததைச் சொல்லித் தோளைத் திருப்பி விட்டான். கூச்சல் சிரிப்பாக மாறியது. மறுநாள் நேற்று வந்தவர்கள் பத்துப் பேரைக் கூட்டி வந்தார்கள். மூன்றாம் நாள் கியாட்னோ என்னிடம், "அண்ணே, இன்னைக்கு நான் சும்மா இருக்கேன்" என்றான். நான்தான், "சும்மா இருக்காதே" என்றேன். அந்த ஒரு வார்த்தைதான் என் பாவம்.

வருஷக்கணக்கில் கஞ்சி குடித்த நம் கொட்டகைக் குழந்தைகள் இப்போது மீன் சாப்பிடுகிறார்கள். கூரை மாற்றிவிட்டேன். வாத்தியக்காரர்கள் போனவர்கள் திரும்பி வந்திருக்கிறார்கள். நிறுத்தினால் எல்லோரும் தெருவில். நிறுத்தாவிட்டால் நீங்கள் சொன்னதுதான். நான் எந்தப் பக்கம் திரும்பி நிற்பது? எனக்கும் யாராவது தோளைப் பிடித்துத் திருப்பிவிட்டால் தேவலை.

அக்கா சந்தோஷமாக இருக்கிறார். வியாழன் இரவு பழையபடி வெறும் வெள்ளைச் சோறும் தண்ணீரும் மட்டும் சாப்பிட்டு விரதம் இருக்கிறார். அவருக்குத் தெரியாது. சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. உங்களுக்கு இருந்தால் சொல்லுங்கள்.

சஸ்த்ரோ


மெத்ரோ,
1983 அக்டோபர் 30

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே நாங்கள் நலம். சின்னப் பேத்திக்குப் பல் முளைத்திருக்கிறது. மழை தொடங்கிவிட்டது, காப்பிக் காய்கள் திரள்கின்றன. ஹர்யோ உன் அறைக்குச் சுண்ணாம்பு அடித்தான்.

இதற்குமேல் எழுத வேண்டியதை எழுதப் பல நாள் உட்கார்ந்து, கிழித்துப் போட்டு, இன்று எழுதுகிறேன். இதை உனக்கு வாசிப்பது அந்தப் பெண் என்று தெரியும். வினார்சி, அம்மா, நீ ஒரு வரிகூட விடாமல் வாசி.

அக்கா, அவர்கள் அர்ஜுனனைப் பார்க்க வரவில்லை. உன்னைப் பார்த்துச் சிரிக்க வருகிறார்கள். கியாட்னோவின் தமாஷுக்குச் சிரிக்கவில்லை. நீ தப்பான பக்கம் திரும்புகிறாய், அதற்குச் சிரிக்கிறார்கள். நீ சிரிக்காமல் நிற்கிறாய், அதற்கு இன்னும் சிரிக்கிறார்கள். இதைப் பார்த்தவன் என் கடையில் உட்கார்ந்து சொன்னான். உன் பெயர்கூட அவனுக்குத் தெரியாது. குருட்டுக் கிழவி என்றான்.

இதை உன்னிடம் சொல்ல எனக்கு உரிமை உண்டா என்று தெரியவில்லை. அறியாமல் இருப்பதே உனக்குச் சுகமாக இருக்கலாம். ஆனால் உன் பக்கத்தில் நின்று, உன் கண் எங்கே போகிறதோ அங்கே பார்த்து வளர்ந்தவள் நான். கெதிரியில் ஒரு தெருவே உன்னைப் பார்த்து மூச்சை அடக்கியதைக் கேட்டவள். அந்த அர்ஜுனனை இவர்கள் தொடக்கூடாது.

கச்சையைக் கட்டிவிட்டுக் கிளம்பு. தஞ்சோங் காராங் ரயிலடியில் நானே வந்து நிற்கிறேன்.

உன் தங்கை,
மூர்த்தினி


ப்ளோரா,
1984 ஜனவரி 25

என் மூர்த்தினிக்கு,

நான் சுகம். உன் முழங்கால், மகன், மருமகள், பல் முளைத்த பேத்தி, எல்லோரும் சுகமாக இருக்க வேண்டும். கொட்டகை ப்ளோராவுக்கு வந்துவிட்டது. மூன்று மாதம் காக்க வைத்துவிட்டேன். காரணம் இதை எழுதுகிற இந்தப் பெண்.

உன் கடிதம் வந்த அன்றே வாசித்தாள். பேத்திக்குப் பல், மழை, சுண்ணாம்பு, "உன் தங்கை மூர்த்தினி." முடிந்தது என்றாள். எனக்குச் சந்தேகம். நீ விடைபெறவே அரைப் பக்கம் எடுப்பவள், உன் கடிதம் அவ்வளவு சுருக்கமாக முடியுமா? ஒவ்வொரு வாரமும் எடுத்து வாசிக்கச் சொன்னேன். ஒவ்வொரு வாரமும் பல், மழை, சுண்ணாம்பு. காகிதத்தைத் தடவிப் பார்த்தேன், இரண்டு தாள். கடைசியில் போன வியாழக்கிழமை, "இந்த ரெண்டாவது தாளுல என்னடி, என் தங்கச்சி கோலமா போட்டிருக்கா?" என்றேன். அழுதுகொண்டே வாசித்தாள்.

மூர்த்தினி, எனக்குக் கண்தான் போயிற்று. நாற்பது வருஷம் மேடையில் நின்றவளுக்குப் பெத்ருக்குக்கு விழும் சிரிப்பு எது, தனக்கு விழும் சிரிப்பு எது என்று தெரியாதா? முதல் நாளே தெரியும். அன்று வேஷம் கலைக்காமல் பின்னால் போய்த் துணிப் பெட்டிமேல் உட்கார்ந்தேன். செத்துவிடலாம் என்றுதான் இருந்தது. மறுநாள் மேடைக்குப் போகும்போது, நாலு பெஞ்சு சத்தம் கேட்கும் என்று நினைத்துப் போனேன். ஒரு கொட்டகை சத்தம் கேட்டது. எவ்வளவு வருஷமாயிற்று அந்தச் சத்தம் கேட்டு! உனக்கு எழுதும்போது அந்தச் சத்தத்தைத்தான் எழுதினேன். எதற்குச் சத்தம் என்பதை எழுதவில்லை. அது என் வெட்கம், உனக்கு எதற்கு?

ஆனால் நீ எழுதிய பிறகு, தெரியாததுபோல இருக்க முடியவில்லை. நமக்குள்ளே ஒருத்தி வாயால் சொல்லிவிட்டால் அது நடந்ததாகிவிடுகிறது. உன் கடிதத்தை வாசித்து முடித்ததும் எழுந்து நின்று கச்சையை அவிழ்த்தேன். "வாடி, திரும்பி நில்லு" என்றேன்.

அவள் வரவில்லை.

"வேணாம்மா."

"என்னடி வேணாம்? இதுக்குத்தானே என் இடுப்பையே பாத்துக்கிட்டு நின்ன?"

"அப்ப வேணும்னு இருந்துச்சு. இப்ப நான் கட்டிக்கிட்டு வந்தா அர்ஜுனன் எங்கன்னு கேப்பாங்க. கிழவியைக் கூப்பிடுன்னு கத்துவாங்க. நான் எவ்வளவு நல்லா ஆடினாலும் யாரும் பாக்க மாட்டாங்க. அவங்களுக்கு இப்ப அர்ஜுனன்னா நீங்கதான். நீங்க தப்பான பக்கம் திரும்பறதுதான்."

சஸ்த்ரோவைக் கூப்பிட்டேன். வந்தான். என் கையில் கச்சை தொங்குவதைப் பார்த்திருப்பான். பிறகு, "அக்கா, மழைக்காலம் முடியட்டும்" என்றான். அவன் அப்பன் பொய் சொல்லும்போது வருமே, அதே குரல்.

கொடு கொடு என்று நீங்கள் எல்லோரும் சொன்னபோது நான் கொடுக்கவில்லை. இப்போது கொடுக்கிறேன் என்கிறேன், வாங்க ஆளில்லை. வாங்காத கச்சையைத் தரையில் வைக்கக்கூடாது என்பது உனக்குத் தெரியும். நானே திரும்பக் கட்டிக்கொண்டேன். அன்று இரவும் கொட்டகை நிறைந்தது. கியாட்னோ தோளைப் பிடித்துத் திருப்பினான். வசனத்தை முணுமுணுத்தான். "நல்லாச் சத்தமா சொல்லுடா, பின் பெஞ்சுக்குக் கேக்கல" என்று அவன் காதில் சொன்னேன்.

வருத்தப்படாதே என்று எழுத முடியாது. வருத்தப்படு. ஆனால் கூப்பிடாதே. உன் வீட்டில் எல்லோரும் என்னிடம் அன்பாக இருப்பார்கள், யாரும் சிரிக்கமாட்டார்கள், யாரும் கத்தமாட்டார்கள். அதை நினைத்தால்தான் எனக்குப் பயமாக இருக்கிறது.

நீ ஒரு தரம் கேட்டாய், பதில் சொல்லவில்லை. சுபத்திரையை யாரும் கட்டுவதில்லை. நீ போன பிறகு வந்தவர்கள் ஒவ்வொருத்தராகப் போய்விட்டார்கள். அந்தக் காட்சியில் நான் மட்டும் நின்று என் வசனத்தைச் சொல்லிவிட்டு, நீ பேச வேண்டிய நேரம் மட்டும் காத்திருந்துவிட்டு, அடுத்ததைச் சொல்கிறேன். அந்த இடத்தில் மட்டும் சனங்கள் சிரிப்பதில்லை. என்னவோ, சும்மா இருக்கிறார்கள்.

தர்வாத்தி


மெத்ரோ,
1984 பிப்ரவரி 13

என் அக்காவுக்கு,

சுகம் விசாரிக்க நேரமில்லை. நேரில் விசாரிக்கிறேன்.

வெள்ளிக்கிழமை கப்பல், விரைவுத் தபாலில் போடும் இந்தக் கடிதம் எனக்கு முன்னால் வந்துவிடும். ஹர்யோ சத்தம் போட்டான், "அம்மா, உங்க முழங்காலை வெச்சுக்கிட்டு எங்க போறீங்க?" என்று. "பெரியம்மாவைக் கூட்டிட்டு வரப் போறேன்டா" என்றேன். சரி என்று அரைமனதாகத் தலையாட்டினான். கடையை மருமகளிடம் ஒப்படைத்துவிட்டேன். அவள் சட்னியில் உப்பு அதிகம், இருக்கட்டும்.

அவனிடம் சொன்னதை உன்னிடமும் சொல்லத்தான் பேனாவை எடுத்தேன். உன்னைக் கையைப் பிடித்து இழுத்து வந்துவிட வேண்டும், அந்தக் கூட்டத்தின் முகத்தில் காறித் துப்ப வேண்டும் என்று. உன் கடைசி வரிகளை மறுபடி படிக்கும்வரை அப்படித்தான் இருந்தது. பிறகு கதவைச் சாத்திக்கொண்டு, அந்தக் காட்சியின் வசனத்தை முதலிலிருந்து சொல்லிப் பார்த்தேன். ஒரு எழுத்து மறக்கவில்லை, அக்கா. முப்பது வருஷமாகக் கடலை அரைக்கும்போதெல்லாம் அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறேன் என்று அப்போதுதான் தெரிந்தது. குரல் மேலே ஏறவில்லை. உட்கார்ந்தால் எழுந்திருக்க யாராவது கை கொடுக்க வேண்டும். உடம்பு இரண்டு சுபத்திரைக்கு வரும். கொட்டகை இடிந்து விழும்படி சிரிப்பார்கள்.

சஸ்த்ரோவிடம் சொல், சுபத்திரையின் சேலையை வெயிலில் போட்டு வைக்கட்டும். மேடைக்கு வரும்போது நான் உன் இடது பக்கம் நிற்பேன், நீ திரும்பத் தேவையில்லை.

மூர்த்தினி